மீட்டிய ஸ்வரம் எதில் நிற்கிறது: ஜான் மெக்லாக்லினின் ‘மை கோல்ஸ் பியாண்ட்’

‘மை கோல்ஸ் பியாண்ட்’ ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லின் முழுக்க அக்கூஸ்டிக் கிட்டாரில் வாசித்த ஸ்டூடியோ ஆல்பம். 1971-ல் நியூயார்க்கில் பதிவாகி, அதே ஆண்டு டக்ளஸ் ரெக்கார்ட்ஸ் வெளியீடாக வந்தது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது எலெக்ட்ரிக் கிட்டார். அதற்குப் பின் சில மாதங்களில் அவர் தொடங்கிய மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா, எழுபதுகளின் மிக உரத்த ஜாஸ் குழுக்களில் ஒன்று. இரண்டுக்கும் நடுவே ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் வந்த இந்தத் தட்டை, புயலுக்கு முந்தைய அமைதி என்று ஒதுக்கிவிடுவது எளிது. கவனித்துக் கேட்டால் அதில் ஓய்வுக்கான அடையாளம் எதுவும் இல்லை. கிட்டார் என்ற வாத்தியத்தின் அடிப்படையான ஒரு குறையை மெக்லாக்லின் இதில் நேருக்கு நேர் எதிர்கொள்கிறார். தட்டின் ஒரு பக்கத்தில் அதற்கு ஒரு விடையும் மறுபக்கத்தில் வேறொரு விடையும் கிடைக்கின்றன.

குறை இதுதான்: மீட்டிய ஸ்வரம் நிற்பதில்லை. அக்கூஸ்டிக் கிட்டாரில் தந்தியின் அதிர்வு குதிரை வழியாக மேற்பலகைக்குப் போய், பலகை காற்றை அசைத்து ஒலியாகிறது. பலகை எவ்வளவு தாராளமாக ஒலிக்கிறதோ அவ்வளவு விரைவாகத் தந்தியின் ஆற்றல் தீர்ந்துபோகும். சாக்ஸஃபோன் கலைஞர் மூச்சு உள்ளவரை ஒரு ஸ்வரத்தைப் பிடித்து வைக்கலாம்; வயலின் கலைஞர் வில்லைத் திருப்பித் திருப்பி அதை நீட்டலாம். கிட்டார் கலைஞருக்குத் தந்தியைத் தட்டிய கணத்திலிருந்தே தேய்வு தொடங்கிவிடுகிறது. ஸ்டூடியோவில் கிட்டாரின் அருகே மைக் வைத்தால் ஒலியின் அளவைக் கூட்டலாம். ஸ்வரத்தின் ஆயுளை மைக்கால் கூட்ட முடியாது.

ஜாஸ் வரலாற்றில் கிட்டார் பட்ட பாடு பெரும்பாலும் தாழ்ந்த ஒலி, குறுகிய ஆயுள் என்ற இந்த இரண்டு பலவீனங்களால் வந்தது. 1920-களில் எடி லாங் தனி வாத்தியமாக அதை நிறுத்திக் காட்டினார். 1934-ல் பாரிஸில் ஜாங்கோ ரைன்ஹார்ட் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெலியுடன் சேர்ந்து நடத்திய குழுவில் ட்ரம்ஸ் கிடையாது; கிட்டாரின் குரல் அமுங்காமல் இருக்க அது உதவியது. கவுன்ட் பேஸியின் பெரிய ஆர்கெஸ்ட்ராவில் ஃப்ரெடி கிரீன் பல பத்தாண்டுகள் அக்கூஸ்டிக் கிட்டாரில் கார்டுகளை மட்டும் தட்டிக்கொண்டிருந்தார். அவருடைய வேலை தாளத்தைத் தாங்குவது. மெட்டு மற்றவர்களிடம் இருந்தது. 1939-ல் பென்னி குட்மன் குழுவில் சார்லி கிறிஸ்டியன் எலெக்ட்ரிக் கிட்டாருடன் சேர்ந்ததும் நிலைமை மாறியது. சாக்ஸஃபோனுக்குச் சமமாக நீண்ட வரிகளைக் கிட்டாரில் வாசிக்க முடிந்தது. அறுபதுகளின் இறுதியில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் போன்றவர்கள் ஆம்ப்ளிஃபயரின் ஃபீட்பேக்கைக் கொண்டு ஒரு ஸ்வரத்தை விரும்பிய நேரம்வரை ஒலிக்கவிட்டார்கள். குறை தீர்ந்துபோனதாகவே தோன்றிய நேரத்தில் மெக்லாக்லின் அந்தத் தீர்வைக் கீழே வைத்துவிட்டு அக்கூஸ்டிக் கிட்டாரை எடுத்தார்.

மெக்லாக்லின் 1942 ஜனவரி 4 அன்று இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் டான்காஸ்டரில் பிறந்தார். தாய் வயலின் வாசிப்பவர். முதலில் பியானோ, பதினொரு வயதில் கிட்டார். அறுபதுகளில் லண்டனில் கிரஹாம் பாண்ட், ஜார்ஜி ஃபேம் ஆகியோரின் குழுக்களில் வாசித்து, 1969 தொடக்கத்தில் ‘எக்ஸ்ட்ராபொலேஷன்’ என்ற முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தார். அடுத்த மாதமே ட்ரம்ஸ் கலைஞர் டோனி வில்லியம்ஸின் அழைப்பில் அமெரிக்கா சென்றார். போய்ச் சேர்ந்த கையோடு, 1969 பிப்ரவரி 18 அன்று, ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘இன் எ சைலன்ட் வே’ பதிவில் உட்கார்ந்தார். கிட்டார் வாசிக்கத் தெரியாதவனைப்போல வாசிக்கும்படி டேவிஸ் தம்மிடம் சொன்னதாக மெக்லாக்லின் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். அதே ஆண்டின் ‘பிட்சஸ் ப்ரூ’வில் ஒரு உருப்படிக்கு அவர் பெயரையே டேவிஸ் வைத்தார். டோனி வில்லியம்ஸின் ‘லைஃப்டைம்’ குழுவிலும், டக்ளஸ் நிறுவனத்துக்காக 1970-ல் செய்த ‘டிவோஷன்’ ஆல்பத்திலும் அவர் வாசித்தது கனத்த, உரத்த எலெக்ட்ரிக் கிட்டார்.

இந்தக் காலத்தில்தான் அவர் ஸ்ரீ சின்மயின் சீடரானார். சிட்டகாங் பகுதியில் 1931-ல் பிறந்த சின்மய், 1944 முதல் 1964 வரை புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தில் வாழ்ந்தவர்; பிறகு நியூயார்க்கில் குடியேறித் தியான நிலையம் நடத்தினார். மெக்லாக்லினுக்கு ‘மகாவிஷ்ணு’ என்ற பெயரை வைத்தவர் அவரே. ‘மை கோல்ஸ் பியாண்ட்’ அவருக்கே அர்ப்பணிக்கப்பட்டது. ஆனால் பக்தி மட்டும் ஒரு இசைத்தட்டை நல்ல தட்டாக ஆக்கிவிடுவதில்லை. அந்த ஆண்டுகளில் ஆன்மிகத்தின் பெயரால் வந்த மேற்கத்தியத் தட்டுகள் பலவற்றில் ஒரு சிதார், கொஞ்சம் எதிரொலி, மேலே ஒரு மந்திரம் ஆகியவற்றைத் தாண்டி எதுவும் இல்லை. மெக்லாக்லினிடம் அமைப்பு பற்றிய யோசனை இருந்தது.

எல்பி தட்டின் முதல் பக்கத்தில் இரண்டே உருப்படிகள்: ‘பீஸ் ஒன்’, ‘பீஸ் டூ’. இரண்டும் அவர் இசையமைத்தவை. முன்னது 7 நிமிடத்துக்குச் சற்று மேல். பின்னது 12 நிமிடத்தைத் தாண்டி, அவசரமில்லாமல் விரிவது. வாசித்தவர்களின் வரிசை வியப்பளிப்பது. டபுள் பேஸில் சார்லி ஹேடன். சாக்ஸஃபோன் கலைஞர் ஓர்நெட் கோல்மனின் குழுவில் ஐம்பதுகளின் இறுதியில் ஜாஸின் இலக்கணத்தையே திருத்தி எழுதியவர்களில் ஒருவர். ட்ரம்ஸில் பனாமாவில் பிறந்த பில்லி காபம். தாளக் கருவிகளில் பிரேசிலின் ஐர்டோ மொரேரா. வயலினில், ‘தி ஃபிளாக்’ என்ற சிகாகோ ராக் குழுவிலிருந்து வந்த ஜெர்ரி குட்மன். புல்லாங்குழலிலும் சொப்ரானோ சாக்ஸஃபோனிலும் டேவ் லீப்மன். தபலாவில் பாதல் ராய். தம்பூராவில் மெக்லாக்லினின் மனைவி ஈவ், சின்மய் வைத்த பெயரில் மகாலட்சுமி.

பாதல் ராயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கிழக்கு வங்காளத்தைச் சேர்ந்த அவர் 1968-ல் நியூயார்க்குக்கு வந்தது படிப்புக்காக. வயிற்றுப்பாட்டுக்கு கிரீனிச் வில்லேஜ் பகுதியில் இந்திய உணவகத்தில் பரிமாறும் வேலை செய்தார். அங்கேயே தபலாவும் வாசித்தார். அந்த உணவகத்துக்கு வந்து கேட்டு, கூட உட்கார்ந்து வாசித்தவர்களில் மெக்லாக்லினும் ஒருவர். அந்தப் பழக்கம்தான் அவரை இந்தப் பதிவுக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு மைல்ஸ் டேவிஸின் ‘ஆன் தி கார்னர்’ ஆல்பத்திலும் அவர் தபலா ஒலித்தது. ஜாஸும் இந்திய இசையும் சந்தித்த வரலாற்றில் சபாக்களையும் பல்கலைக்கழகங்களையும் போலவே இத்தகைய உணவகங்களுக்கும் இடம் உண்டு.

இந்தச் சந்திப்பு அன்றைக்குப் புதிதல்ல. சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1961-ல் ‘இந்தியா’ என்ற உருப்படியை இரண்டு டபுள் பேஸ்களுடன் வாசித்தார். லண்டனில் கல்கத்தாவில் பிறந்த ஜான் மேயரும் ஜமைக்காவில் பிறந்த ஜோ ஹாரியட்டும் அறுபதுகளின் நடுவில் ‘இண்டோ-ஜாஸ்’ என்ற பெயரிலேயே தட்டுகள் வெளியிட்டார்கள். இவற்றுக்கெல்லாம் வழி திறந்தது ஜாஸின் உள்ளேயே நடந்த ஒரு மாற்றம். கார்டுகள் ஓயாமல் மாறிக்கொண்டிருந்த இசை, 1959-ல் வந்த மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஆல்பத்துக்குப் பின் ஒரே ஸ்வரவரிசையில் நீண்ட நேரம் தங்கக் கற்றுக்கொண்டது. தங்கக் கற்ற பிறகுதான் ஆதார சுருதி அதற்கு உதவ முடிந்தது. நொடிக்கொரு கார்டு மாறும் பாட்டில் தம்பூராவை வைத்தால் அது எல்லாவற்றோடும் மோதும்.

‘பீஸ்’ உருப்படிகளில் தம்பூரா செய்யும் வேலையைக் கேட்டால் மெக்லாக்லினின் முதல் விடை புரியும். தம்பூராவும் மீட்டும் வாத்தியமே. அதன் ஸ்வரமும் தேயக்கூடியதே. ஆனால் ஒரு தந்தி தேய்ந்து முடிவதற்குள் அடுத்த தந்தி மீட்டப்படுகிறது. குதிரைக்கும் தந்திக்கும் இடையே வைக்கும் நூல் மேல் ஸ்வரங்களை எழுப்பி இடைவெளியை நிரப்புகிறது. தேயும் ஒலிகளை அடுக்கித் தேயாத ஒலியைக் கட்டும் வாத்தியம் அது. கிட்டாரின் பலவீனத்துக்கு மருந்து கிட்டாரின் உறவுக்காரரிடமே இருந்தது. அந்தத் தரையின் மேல் மெக்லாக்லின் அதிவேகமாக வாசித்துவிட்டு நிறுத்தும்போது மௌனம் விழுவதில்லை. அவர் விட்ட இடத்தை சுருதி வைத்திருக்கிறது. ஹேடன் ஒரு பேஸ் வரியைத் திரும்பத் திரும்ப வாசித்து அந்தத் தரையை இன்னும் உறுதியாக்குகிறார். அதன் மேல் வயலினும் புல்லாங்குழலும் சாக்ஸஃபோனும் வருகின்றன. இவை ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தக்கூடியவை. கிட்டார் தொடங்கி வைத்த எண்ணத்தை குட்மனின் வில்லும் லீப்மனின் மூச்சும் நீட்டுகின்றன. மறுபடி கிட்டார் நுழையும்போது, பிக்கால் ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாகத் தட்டும் அதன் கூர்மை நன்றாக எடுபடுகிறது.

காபம் இங்கே காட்டும் அடக்கம் பாராட்டத்தக்கது. மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவில் இடிபோல் முழங்கப்போகிற அவர், இந்தப் பதிவில் தபலாவுக்கும் மொரேராவின் சிறு கருவிகளுக்கும் இடம் விட்டு வாசிக்கிறார்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றையும் மறைக்கக்கூடாது. முதல் பக்கம் இந்திய இசை அல்ல. அதில் ராகத்தின் நடத்தை விதிகள் இல்லை, கமகம் இல்லை, தபலா பல இடங்களில் கணக்கில் இறங்காமல் நிறம் சேர்ப்பதோடு நின்றுவிடுகிறது. இந்திய செவ்வியல் இசையில் வளர்ந்த காதுக்கு, சுருதி இருந்தும் ஸ்வரங்கள் ஃப்ரெட்டிலிருந்து ஃப்ரெட்டுக்குத் தாவுவது வெறுமையாகவே படும். மெக்லாக்லினுக்கும் இது தெரிந்திருந்தது என்பதற்கு அடுத்த சில ஆண்டுகளில் அவர் செய்த படிப்பே சான்று.

இரண்டாம் பக்கம் வேறு உலகம். எட்டுச் சிறு உருப்படிகள். குழு முழுவதும் வெளியேறிவிட்டது. மெக்லாக்லின் மட்டும் இருக்கிறார். ஆனால் அவர் இரண்டு பேராக இருக்கிறார்: கார்டுகளை ஒரு ட்ராக்கில் பதிந்துவிட்டு, அதைக் கேட்டபடி மெட்டையும் கற்பனையையும் இன்னொரு ட்ராக்கில் வாசிக்கிறார். சில இடங்களில் சிம்பலும் அவரே. இந்த ஓவர்டப் முறைக்கு ஜாஸில் முன்னோடிகள் உண்டு. லெஸ் பால் நாற்பதுகளின் இறுதியிலேயே கிட்டாரில் இதைச் செய்தார். பியானோ கலைஞர் பில் எவன்ஸ் 1963-ல் தம்மோடு தாமே வாசித்து ஒரு முழு ஆல்பம் வெளியிட்டார். அது வெளிவந்தபோது, ஜாஸ் என்பது பிறருடன் நடக்கும் உரையாடல் அல்லவா, இது எப்படி ஜாஸாகும் என்ற கேள்வி எழுந்தது. நியாயமான கேள்வி. ஒட்டுப்போட்ட பதிவில் முதல் ட்ராக்கால் இரண்டாவதைக் கேட்க முடியாது. பின்னணி ஒருபோதும் முன்னணிக்குப் பதில் சொல்லாது. மெக்லாக்லின் இந்தக் குறையைக் குறைந்த தூரத்தில் கடக்கிறார். உருப்படிகள் சிறியவை என்பதால், பதில் வராததை உணர்வதற்குள் பாட்டு முடிந்துவிடுகிறது.

அந்தப் பக்கத்தின் முதல் உருப்படி பேஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸின் ‘குட்பை போர்க் பை ஹேட்’. சாக்ஸஃபோன் மேதை லெஸ்டர் யங் 1959 மார்ச்சில் இறந்தபோது மிங்கஸ் எழுதிய இரங்கல் இசை அது. வடிவம் ப்ளூஸின் 12 பார்தான். ஆனால் மிங்கஸ் அதன் உள்ளே கார்டுகளை நெருக்கமாக அடுக்கியிருக்கிறார். மிங்கஸின் சொந்தப் பதிவில் இந்த மெட்டைச் சுமப்பது சாக்ஸஃபோன்களின் நீண்ட மூச்சு. கிட்டாரில் அந்த மூச்சு கிடையாது. மெக்லாக்லின் நீளத்தைப் பாவனை செய்ய முயலவில்லை. மெட்டின் ஸ்வரத்தைத் தேய விடுகிறார். தேயும்போது கீழே கார்டு மாறுகிறது. மாறும் கார்டு அந்தத் தேய்ந்த ஸ்வரத்துக்கு வேறொரு பொருளைக் கொடுக்கிறது. துக்கம் இழுப்பில் இல்லாமல் அந்த மாற்றத்தில் தெரிகிறது. 1976-ல் ஜெஃப் பெக் இதே உருப்படியை எலெக்ட்ரிக் கிட்டாரில் பதிவு செய்தார். அங்கே ஸ்வரம் வளைந்து நீண்டு அழுகிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒரே வாத்தியத்தின் இரண்டு சுபாவங்களும் விளங்கும். பெக்கின் பதிவு அதிகம் பேசப்பட்டது. மிங்கஸின் ஹார்மனிக்கு நெருக்கமாக இருப்பது மெக்லாக்லினுடையது.

‘ஃபாலோ யுவர் ஹார்ட்’ அவர் விடாமல் கூடவே கொண்டுவந்த ஒரு மெட்டு. ‘எக்ஸ்ட்ராபொலேஷன்’ ஆல்பத்தில் ‘ஆர்யன்ஸ் பேக்’ என்ற பெயரில் நால்வர் குழுவாக வாசித்தது. 1970-ல் சாக்ஸஃபோன் கலைஞர் ஜோ ஃபாரெலின் ஆல்பத்தில் புதிய பெயருடன் மறுபடி வந்தது. இங்கே மூன்றாம் முறை. 11 எண்ணிக்கையில் நடக்கும் தாளம். மேற்கத்தியக் கேட்பவருக்கு எங்கோ தடுக்கும். தாளம் போட்டுக் கேட்டுப் பழகிய கர்நாடக ரசிகருக்கு ஒன்றிரண்டு ஆவர்த்தனங்களில் பிடிபட்டுவிடும். குழுவாக வாசித்தபோது அந்த 11-ஐ ட்ரம்ஸ் சுமந்தது. இந்த வடிவத்தில் கிட்டார் ஒலிகள் விழும் இடமும் தேயும் இடமும்தான் தாளம். இங்கே அக்கூஸ்டிக் கிட்டாரின் குறை முழுக்க அனுகூலமாகிறது: நீண்டு நிற்காத ஸ்வரம் தாளத்தின் வரம்பை மழுப்புவதில்லை.

பக்கத்தின் கடைசி உருப்படி ‘ப்ளூ இன் கிரீன்’. ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வில் மைல்ஸ் டேவிஸின் பெயரில் வெளிவந்தது, தாம் எழுதியது என்று பில் எவன்ஸ் சொன்னது. ஜாஸில் வழக்கமான 12, 32 பார்களை விட்டு 10 பாரில் சுழலும் வடிவம். முடிவு எது, தொடக்கம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி ஒன்றுக்குள் ஒன்று கரையும். அதற்கு முன்னால் சிக் கொரியா எழுதிய ‘வால்ட்ஸ் ஃபார் பில் எவன்ஸ்’ இருக்கிறது. தம்மோடு தாமே வாசித்த பியானோ கலைஞரின் நிழல் இந்தப் பக்கம் முழுவதும் விழுந்திருப்பது தற்செயலாக இருக்க முடியாது. மற்றவற்றில் ‘சம்திங் ஸ்பிரிச்சுவல்’ முன்பே ‘லைஃப்டைம்’ குழுவோடு இரைச்சலாக வாசித்தது. ‘ஹார்ட்ஸ் அண்ட் ஃபிளவர்ஸ்’, ‘ஃபிலிப் லேன்’ ஆகியவை இனிமையானவை, அவ்வளவே. ‘சாங் ஃபார் மை மதர்’ அவற்றைவிட ஒரு படி மேல்.

முதல் பக்கத்தில் ஸ்வரத்தைத் தாங்கியது தம்பூரா. இரண்டாம் பக்கத்தில் தாங்கியது இன்னொரு கிட்டார். முன்னது ஒரே சுருதியில் நின்று தாங்குகிறது, பின்னது மாறிக்கொண்டே தாங்குகிறது. இந்திய இசைக்கும் ஜாஸுக்கும் உள்ள முதன்மையான வேறுபாடும் இதுவே. ஒரே தட்டின் இரண்டு பக்கங்களில் அவர் அதைத் தனித்தனியாக வைத்துப் பார்த்தார். அவசரப்பட்டுக் கலக்கவில்லை என்பது இந்த ஆல்பத்தின் மிகப் பெரிய நற்குணம்.

1971 கோடையில் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா உருவானபோது இந்தப் பதிவிலிருந்து காபமும் குட்மனும் அதில் சேர்ந்தார்கள். முதல் ஆல்பம் ‘தி இன்னர் மவுன்டிங் ஃப்ளேம்’ அதே ஆண்டு வந்தது. அந்த இரைச்சலின் நடுவே ‘எ லோட்டஸ் ஆன் ஐரிஷ் ஸ்ட்ரீம்ஸ்’ என்ற உருப்படி மட்டும் அக்கூஸ்டிக் கிட்டார், வயலின், பியானோ மூன்றோடு நிற்கிறது. 1973-ன் ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ ஆல்பத்தில் ‘தௌசண்ட் ஐலண்ட் பார்க்’ அப்படிப்பட்டதே.

முதல் பக்கம் விட்டுவைத்த கடனை அடைக்க அவர் கனெக்டிகட்டில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். கமகம் என்பது தந்தியை இழுத்து, ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் இடையே உள்ள வழியைப் பாடுவது என்பதை விரலால் அறிந்தார். எல். சங்கரும் ராமநாதபுரம் வி. ராகவனும் அந்தப் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடையவர்கள். அவர்களோடும் மெக்லாக்லினோடும் ஜாகிர் உசேனும் விக்கு விநாயக்ராமும் சேர்ந்த ‘சக்தி’ குழுவின் முதல் ஆல்பம், நியூயார்க் மாநிலத்தில் 1975 ஜூலை 5 அன்று நடந்த கச்சேரியின் பதிவு. இங்கே தாளம் நிறமாக நின்றுவிடவில்லை. மிருதங்கமும் கடமும் தபலாவும் கணக்கு வைத்துத் தீர்மானம் வாசிக்க, கிட்டார் அதே கணக்கில் வந்து இறங்குகிறது.

அதைவிடச் சுவாரசியமானது மெக்லாக்லின் கையில் இருந்த கிட்டார். கிப்சன் நிறுவனத்தில் இருந்த ஏப் வெக்டர் அதை அவருக்காகச் செய்தார். ஆறு தந்திகளுக்குக் கீழே, ஒலித்துளைக்குக் குறுக்கே சாய்வாக ஏழு சுருதித் தந்திகள். வேண்டியபோது பிக்கால் வருடிவிட்டால் ஆதார சுருதி எழும். 1971-ல் மகாலட்சுமி தனியாக உட்கார்ந்து மீட்டிய தம்பூரா கிட்டாரின் உடம்புக்குள்ளேயே வந்துவிட்டது. ஃப்ரெட்டுகளுக்கு இடையே உள்ள மரம் குழியாகச் செதுக்கப்பட்டிருந்தது. அதனால் வீணையில்போலத் தந்தியை அழுத்தியும் இழுத்தும் கமகம் எடுக்க வழி ஏற்பட்டது. வீணையின் அளவுக்கு அது போகாது. ஆனால் ‘பீஸ் ஒன்’னின் தாவல்கள் ‘சக்தி’யில் வளைவுகளாக மாறியதற்கு அந்தச் செதுக்கல் பெரும் காரணம்.

இரண்டாம் பக்கமும் தன் வழியில் வளர்ந்தது. அங்கே மெக்லாக்லின் தம்மிடமே கேட்ட துணைக் கிட்டாரை எண்பதுகளில் மற்றவர்கள் வாசித்தார்கள். கிட்டார் கலைஞர்கள் பாகோ தே லூசியா, அல் டி மியோலா இருவரோடும் 1980 டிசம்பர் 5 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கச்சேரி, மூன்று அக்கூஸ்டிக் கிட்டார்களைத் தவிர வேறெதுவும் இல்லாமல் உலகம் முழுவதும் விற்றது. 1983-ல் இதே மூவர் ‘பேஷன், கிரேஸ் அண்ட் ஃபயர்’ என்ற ஸ்டூடியோ ஆல்பத்தைச் செய்தார்கள். ஓவர்டப்பில் கிடைக்காத பதில் இவற்றில் கிடைத்தது: ஒருவர் வேகம் கூட்டினால் மற்றவர் உடனே எதிர்வினை தருகிறார். சில இடங்களில் அது போட்டியாகவும் ஆகிவிடுகிறது. 1971-ன் தனிமையில் இருந்த நிதானம் அங்கே இல்லை.

அந்த நிதானம் திரும்பியது 1993-ல், ‘டைம் ரிமெம்பர்ட்’ என்ற ஆல்பத்தில். முழுக்க பில் எவன்ஸின் இசை. எவன்ஸ் பியானோவில் பத்து விரல்களால் பிடித்த கார்டுகளை மெக்லாக்லின் எய்கெட்டா கிட்டார் குழுவுக்கும் ஒரு அக்கூஸ்டிக் பேஸ் கிட்டாருக்கும் பிரித்து எழுதினார். நடுவில் உட்கார்ந்து மெட்டைத் தாம் வாசித்தார்.